முப்பத்தொன்றாம் எண் சீட்டு

8 பிப்ரவரி 2021, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. ஊருக்குள் ஆறு இடம். நான்காவது வரியில் எங்கள் தெரு, கீழ நந்தவனத் தெரு. மேலே எங்கேயோ குலுக்கிப் போட்டதில் விழுந்ததாம். ஏழு மாதமாக எந்தச் சாமிக்கும் விளக்கு வைக்காதவள் இன்று வைத்தேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

லேப் டெக்னீஷியன் எனக்கு வேலை இதுதான். தெருவுக்கு முப்பது பேர், வீட்டுக்கு ஒருவர். ரத்தம் எடுத்து, குழாயில் எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். கொரோனா ஒருவர் உடம்புக்குள் வந்து போயிருந்தால் அதை எதிர்த்து உண்டான ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கியிருக்கும். இருமலை மறைத்தவன், கசாயம் குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டவன், தனக்கு வந்ததே தெரியாதவன் எல்லாருடைய கதையும் அதில் இருக்கும். ஊரில் எத்தனை பேருக்கு வந்து போனது என்று அரசாங்கம் கணக்குப் பார்க்க விரும்புகிறது.

எனக்கு ஊர்க்கணக்கு வேண்டாம். வைகுண்டம் அண்ணாச்சியின் ரத்தம் மட்டும் போதும்.

9 பிப்ரவரி

புது நோட்டு என்பதால் நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். மறக்கப் போவதில்லை. எழுதினால் இன்னும் நன்றாக எரியும்.

என் அண்ணன் சொரிமுத்து. ஆட்டோ ஓட்டினான். போன வருஷம் ஜூலை ஆறாம் தேதி இருமத் தொடங்கினான். எட்டாம் தேதி பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. லேசாகத்தான் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அன்று மாலையே தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோ. கீழே, “நமது தெருவின் முதல் நோயாளி. இவர் யார் யாரை ஏற்றினார் என்று விசாரிக்கவும்.” போட்டவர் வைகுண்டம் அண்ணாச்சி, பலசரக்குக் கடை, தெரு நலச் சங்கத் தலைவர்.

மறுநாள் வாசலில் தகரம் அடிக்க ஆள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஒரு தகரம். பாதிக் கதவுக்குத்தான் காணும். “பாதி அடைச்சா கிருமிக்கு வழி தெரியாதா” என்று சொல்லித் தன் குடோனிலிருந்து இரண்டு தகரம் கொடுத்து, குறுக்கே கட்டையும் வைக்கச் சொன்னவர் அண்ணாச்சி. நான் ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு ஆணி.

பதினேழாம் தேதி காலை அண்ணனுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தகரம்தான் பெயர்ந்து வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர் அண்ணாச்சி கடைக்கு ஓடிக் கடப்பாரை கேட்டார். ஷட்டர் இறங்கிவிட்டது. இருபத்தைந்து நிமிஷம், ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு நெம்பினார்கள். அண்ணன் பெரிய ஆஸ்பத்திரிப் பாலம் ஏறும்போது போய்விட்டான்.

நிலைக்காலில் அந்தப் பதினொரு துளையும் அப்படியே இருக்கின்றன. மக்கு வைத்து அடைக்கலாம் என்று மதினி இரண்டு தடவை சொன்னாள். கூடாது என்றுவிட்டேன்.

எனக்குத் தெரியும், அந்த ஆளுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஊரடங்கிலும் மதுரையிலிருந்து லோடு இறக்கிய ஒரே கடை அது. அண்ணன் தினமும் காலையில் அங்கேதான் பீடி வாங்குவான். கொடுத்தவன் கொடுத்துவிட்டு, வாங்கினவன் படத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறான்.

10 பிப்ரவரி

தெருவில் நூற்றிருபது வீடு. நான்கு வீட்டுக்கு ஒரு வீடு எடுக்க வேண்டும். எந்த வீட்டில் தொடங்குவது என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீட்டு எழுதிக் குலுக்குவோம். நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆள் பார்த்துப் போகக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அண்ணாச்சி வீடு நாற்பத்தேழு, கடையும் அதிலேயேதான். மூன்றில் தொடங்கினால் பன்னிரண்டாவதாக வந்துவிடும்.

சீட்டு எழுதியது நான். எடுத்தது என்னோடு வரப்போகும் நர்ஸ் ஆக்னஸ் அக்கா. நான்கு சீட்டிலும் மூன்றுதான் எழுதியிருந்தேன்.

12 பிப்ரவரி

இரண்டு நாளில் முப்பதும் முடிந்தது. கூட வந்த ஆக்னஸ் அக்கா நகராட்சி நர்ஸ், இருபது வருஷ அனுபவம். கதவைத் திறக்காத வீட்டில்கூட அவள் குரலுக்குத் திறந்தார்கள்.

அண்ணாச்சியைப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. கடை வாசலில் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர், மூக்கில் இரண்டு முகக்கவசம். அரிசியைக் குழாய் வழியே சரித்துவிடுகிறார். சர்க்கரை நோய் இருக்கிறதாம், அதனால் பதினோரு மாதமாகக் கல்யாணம், காது குத்து, சாவு எதற்கும் போகவில்லையாம். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் சத்தமாகவே சொன்னேன்: “தெருவுல யாருக்கு இருக்குன்னு மொதல்ல கேட்டது நீங்கதான அண்ணாச்சி. இப்ப கைய நீட்டுங்க.”

நீட்டினார். நல்ல நரம்பு, முதல் குத்திலேயே வந்தது. முடியும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில், “மதினி நல்லாருக்காளா” என்றார். “இருக்காவ” என்றேன். பன்னிரண்டாம் எண் ஒட்டினேன்.

ஊழியர்களுக்கும் பார்க்கச் சொல்லி உத்தரவு. தெருவுக்கு முப்பது, முப்பத்தொன்று நான். ஆக்னஸ் அக்கா எடுத்தாள். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை, வெட்டி வேலை.

15 பிப்ரவரி

காப்பித்தூள் கடையை மாற்றச் சொன்னேன். போன வருஷத்திலிருந்தே எந்தத் தூளும் மணப்பதில்லை, எல்லாவற்றிலும் கலப்படம். மதினி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “தூளு நல்லாத்தான் மணக்கு” என்றாள். தீப்பெட்டிக் கம்பெனியில் நாள் முழுக்க மருந்து நெடியில் இருப்பவளுக்கு எதுவும் மணக்கும்.

21 பிப்ரவரி

ஞாயிறு. துணி துவைத்தேன். ரேஷன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

தெருவில் எல்லாரும் என்னிடம் பிரியமாகப் பேசுகிறார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பயம், கொடுக்காதவர்களுக்கு வேடிக்கை. அண்ணனைத் தூக்கிப்போன அன்று இதே ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

5 மார்ச்

ரிசல்ட் வந்தது. சீட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். எண்ணுக்கு ஆள் யார் என்பது என் பதிவேட்டில் இருக்கிறது.

முப்பதில் ஒன்பது பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது. ஒன்பது! அரசாங்கக் கணக்கில் இந்தத் தெருவில் வந்தது ஒரே ஒருவனுக்கு, அவனும் செத்துப்போனான். மிச்ச ஒன்பது பேரும் எங்கள் வாசலில் தகரம் அடிக்கும்போது நின்று பார்த்தவர்கள்.

ஆக்னஸ் அக்காவிடம் இவர்களில் யாருக்கு முதலில் வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். “வந்துட்டுப் போச்சான்னு மட்டுந்தான் இது சொல்லும் செண்பகம். எப்ப வந்துச்சு, யாரு கொண்டாந்தான்னு கேட்டா அதுக்கு வாய் கிடையாது” என்றாள்.

பன்னிரண்டு: இல்லை.

மூன்று தடவை பார்த்தேன். இல்லை.

முப்பத்தொன்றுக்கு வேறு ஏதோ வந்திருக்கிறது. இயந்திரம் தப்பும் தவறுமாகச் சொல்வது சகஜம்தான். தனியார் ஆஸ்பத்திரி லேபில் எட்டு வருஷம் இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா.

6 மார்ச்

சீட்டு கேட்டவர்களுக்கு வீடு வீடாகக் கொடுத்தோம். ஆக்னஸ் அக்கா கிழக்கு வரிசை, நான் மேற்கு. அண்ணாச்சி கடை மேற்கு வரிசை.

அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தேன். ‘ஆன்டிபாடி உள்ளது’ என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. கண்ணாடி போட்டு வாசித்தார். “எனக்கா?” என்றார். “அச்சுல இருக்கதுதான் அண்ணாச்சி” என்றேன். பக்கத்தில் எண்ணெய் வாங்க நின்ற இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

மூலையில் சின்னதாக இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அவருடைய எண் என்ன என்று அவருக்கே தெரியாது.

இயந்திரம் செய்த தவறை நான் சரிசெய்தேன். அவ்வளவுதான்.

7 மார்ச்

சாப்பாடு நன்றாக இறங்கியது.

14 மார்ச், ஞாயிறு

இதை முழுக்க எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு வைகுண்டம் அண்ணாச்சி எங்கள் வாசலுக்கு வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கூப்பிடவில்லை, அவரும் ஏறவில்லை. நிலைக்கால் துளைகளைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு வருஷத்தில் அவர் முழு முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். கிழவனாகியிருந்தார்.

“செண்பகம், எட்டு நாளா சோறு எறங்கல. சொரிமுத்து தெனம் காலைல எங்கிட்டதான் பீடி வாங்குவான். சில்லறைய கையிலதான் வாங்குவேன். எனக்கு ஒரு தும்மல் வரல, ஆனா என் ஒடம்புல இருந்திருக்கு. நாந்தான் அவனுக்குக் குடுத்திருக்கேன். குடுத்துட்டு அவன் வாசல்லயே தகரமும் அடிச்சிருக்கேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ்காரன் தட்டும்போது கடைக்குள்ளதான் இருந்தேன்.”

கையெடுத்துக் கும்பிட்டார். சாயங்காலம் குழுவிலும் போட்டிருக்கிறார்: “நமது தெருவில் நோய் முதலில் எனக்கு வந்திருக்கலாம். சொரிமுத்து குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

எட்டு மாதமாக நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவர் குனிந்த தலையைப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் குனியட்டும் என்றுதான் நினைத்தேன்.

மதினிதான் கெடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டுப் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல பார்வையா கெட்ட பார்வையா என்று சொல்லத் தெரியவில்லை.

22 மார்ச்

அண்ணாச்சி கடைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அரிசிக் குழாயும் போயிற்று. சீட்டை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். கேட்பவர்களிடமெல்லாம், “வந்துட்டுப் போயிருச்சுய்யா, இனி என்ன செய்யும்” என்கிறாராம். அக்கா மகன் கல்யாணத்துக்குச் சாத்தூர் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்.

யாரும் அவரைக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

3 ஏப்ரல்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எல்லாருக்கும் தடுப்பூசி. ஆக்னஸ் அக்கா தெருத் தெருவாகப் பெயர் எழுதுகிறாள், நானும் கூடப் போகிறேன். சென்னையில் மறுபடி ஏறுகிறது என்று டிவியில் சொல்கிறார்கள்.

நாற்பத்தேழாம் எண் வீட்டில் அண்ணாச்சி மனைவி பொன்னுத்தாய் பெயர் கொடுத்தார். அண்ணாச்சி கல்லாவிலிருந்தே சீட்டைக் காட்டினார். ஆக்னஸ் அக்கா, நோய் வந்துபோனவர்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரை வேறு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“நீ ரத்தம் பாக்குற பிள்ள. எடுத்ததும் நீ, குடுத்ததும் நீ. நீ சொன்னா கேக்கேன். எனக்கு ஊசி வேணுமா?”

ஒரு வார்த்தை. போட்டுக்கோங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது, சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. வாய்வரை வந்தது. அப்போது அந்த ஷட்டர் ஞாபகம் வந்தது. இவர் உள்ளே இருந்திருக்கிறார். தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. இருபத்தைந்து நிமிஷம்.

“உங்க இஷ்டம் அண்ணாச்சி” என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை.

4 ஏப்ரல்

பொய் ஒன்றும் சொல்லவில்லை.

11 ஏப்ரல்

வீட்டில் மாவு புளித்துக் கெட்டுவிட்டதாம். நான் பாட்டுக்கு இட்லி ஊற்றப் போனேன். மதினி பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தெருவரைக்கும் நாறுகிறதே, தெரியவில்லையா என்றாள். தெரியவில்லை என்றேன். “ஒனக்கு எப்பத்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு மாவைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

இவளுக்கு என்ன கோபம் என்று புரியவில்லை. அவளுக்காகத்தானே இவ்வளவும்.

20 ஏப்ரல்

இன்று மட்டும் ஊரில் அறுபத்திரண்டு பேருக்குக் கொரோனா. இரவு ஊரடங்கு. லேபில் உட்கார நேரமில்லை.

அண்ணாச்சி கடையில் கூட்டம். எல்லாரும் சாமான் வாங்கிக் குவிக்கிறார்கள். அவர் முகக்கவசம் இல்லாமல் பொட்டலம் கட்டுகிறார். நான் எதிர் ஓரமாக நடந்து போனேன். “செண்பகம், வெயில்ல போறியே, மோர் குடிச்சிட்டுப் போ” என்றார். எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

27 ஏப்ரல்

நேற்றும் இன்றும் தூக்கமில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சீட்டில் எண் மாறிவிட்டது, தவறுதலாக மாறிவிட்டது, உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று. தவறுதலாக என்றால் வேலை போகாது.

அதைச் சொன்னால் அவர் கேட்ட மன்னிப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு வரவேயில்லை என்பார். அப்போது அண்ணனுக்கு யார் கொடுத்தது என்று தெரு மறுபடி கேட்கும்.

28 ஏப்ரல்

போனேன். கடை மூடியிருந்தது. அண்ணாச்சிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்று பொன்னுத்தாய் மதினி ஜன்னல் வழியே சொன்னார். “அதான் வந்துட்டுப் போயிருச்சே” என்றார். பரிசோதனை எடுக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே எடுத்தேன். நான் கிட்டே போனதும் அண்ணாச்சி கையால் வாயை மூடிக்கொண்டார். “நீ தள்ளி நில்லு தாயி” என்றார்.

29 ஏப்ரல்

பாசிட்டிவ். ஆக்சிஜன் எண்பத்தாறு. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஐந்தரை மணி நேரம் கழித்து வந்தது. இந்தத் தடவை வாசலில் தகரம் எதுவும் இல்லை. வண்டிதான் இல்லை.

4 மே

பெரிய ஆஸ்பத்திரியில் வராந்தாவில் படுக்கை. ஊசி போட்டாரா என்று டாக்டர் கேட்டாராம். போடவில்லை, ஆனால் இது இருக்கிறது என்று லேமினேட் சீட்டைக் காட்டினாராம் பொன்னுத்தாய் மதினி. டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

9 மே

வைகுண்டம் அண்ணாச்சி காலை ஏழு மணிக்குப் போய்விட்டார்.

18 மே

பொன்னுத்தாய் மதினி கூப்பிட்டு அனுப்பினார். கல்லாவுக்கு மேலிருந்து சீட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “அவுக சாமி மாதிரி வச்சிருந்தாக. எனக்கு இதப் பாக்க முடியல. நீ குடுத்ததுதான, நீயே கொண்டு போ. ஒம் மேல அவுகளுக்கு ரொம்பப் பிரியம். கடைசியா பேசும்போதுகூட, சொரிமுத்துக்கு நான் குடுத்தது எனக்கே வந்துருச்சு, சரிதான்னாக.”

சீட்டோடு வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்தேன். மூலையில் எண். முப்பத்தொன்று. பிளாஸ்டிக்குக்குள் பளிச்சென்று இருக்கிறது. இனி நோட்டில்கூட ஒளிக்க முடியாது, எழுதிவிடுகிறேன். அது என் ரத்தம். எனக்கு வந்து போயிருந்தது. அவருக்கு வரவேயில்லை, நான் அவருக்கு வரவழைத்தேன்.

மதினி கம்பெனியிலிருந்து வந்ததும் சீட்டை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு எழுதிக் குலுக்கியதிலிருந்து. அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போன வருசம் ஜூன் முப்பது, கம்பெனி லீவு” என்றாள். “முந்தின நா சாம்பாரு. ஊசிப்போயி நொரை கட்டியிருந்துச்சு. கொட்டப் போறேன், நீ வாங்கி ரெண்டு கரண்டி ஊத்தித் தின்ன. நல்லாருக்குன்னு வேற சொன்ன. ஒங்க லேபுல நாலு பேருக்கு வந்திருக்குன்னு அதுக்கு மொத வாரம் நீதான் சொல்லியிருந்த. ஆறாம் நாளு ஒங்க அண்ணன் இருமுனாவ. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் மதினி சொல்லல?”

அவள் நிலைக்காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சொல்லி? தகரத்த எங்க அடிக்க? வீட்டுக்குள்ளயா, ஒனக்கும் எனக்கும் நடுவுலயா?”

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள். குடித்தேன். மணக்கவில்லை.

19 மே

குலுக்கல் சீட்டு, எண், ஏப்ரல் மூன்றாம் தேதி அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆக்னஸ் அக்காவிடம் கொடுத்தேன். மேலே அனுப்பத்தான் வேண்டும் என்றாள். அனுப்புங்கள் என்றேன்.

அங்கிருந்து நேராக நாற்பத்தேழாம் எண் வீட்டுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பொன்னுத்தாய் மதினி பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஷட்டரைத் தட்டினேன்.

“யாரு” என்றார்.

“முதல் நோயாளி” என்றேன்.